நீல உறையில் வெளுத்த இடம்

பிப்ரவரி 6

சாயக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நாம் "சாப்டாச்சா", "ஆச்சு" இரண்டையும் தாண்டி என்றைக்குப் போயிருக்கிறோம்? அதற்குப் பிறகு உங்கள் பக்கத்து மின்விசிறிச் சத்தத்தை நான் கேட்கிறேன், என் பக்கத்துக் குழாய்ச் சத்தத்தை நீங்கள் கேட்கிறீர்கள். தவிர, இந்தப் பொட்டலத்தைப் போனில் அனுப்ப முடியாது.

பொட்டலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சிகளும் மூடி போட்ட குழாய்களும்தான் இருக்கின்றன. முகம் கழுவுவதற்கு முன்னால் ஒரு குச்சியை எடுத்து, உங்களுக்கு எப்போதும் பரு வருமே, அந்த இடது தாடையோரம் நன்றாக உருட்டித் தேய்த்து, குழாய்க்குள் போட்டு இறுக மூடுங்கள். அன்றைக்கே கூரியரில் அனுப்பிவிடுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முகப்பரு பாக்டீரியாவை வளர்க்கும் வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் களிம்பை மட்டும் மாதக்கணக்கில் பூசியவர்கள் முகத்தில், அந்த மருந்துக்கு அசைந்துகொடுக்காத கிருமிகள் குடியேறிவிடுகின்றன. அதோடு ஒரு கிருமிநாசினியையும் சேர்த்துக் கொடுத்தால் அவை அசைகின்றனவா என்று பார்க்கிறோம். மருத்துவர் இரண்டு களிம்பு எழுதிக் கொடுத்தும் ஒன்றை மட்டும் வருஷக்கணக்கில் பூசிய ஆள் யாராவது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றார் சீனியர் அக்கா. "எங்க வீட்லயே ஒருத்தர் இருக்காரு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் வீட்டில் இல்லை என்பது உறைத்தது.

உங்கள் அக்கா போன வாரமும் போன் செய்தார். "ஒண்ணு அவன் இங்க வரணும், இல்ல நீ அங்க போகணும். ரெண்டும் இல்லன்னா உக்காந்து பேசி முடிச்சுக்கணும். இப்படி அந்தரத்துல தொங்கினா எப்படிம்மா?" என்று கேட்டார். "சரிங்க அண்ணி" என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

கிருமிக்காரி

*

பிப்ரவரி 15

என் கிருமிக்காரிக்கு,

இந்த ஊருக்கு வந்த பிறகு பெண்டாட்டியிடமிருந்து வந்த முதல் பொட்டலம். ஆலைக் காவலாளி "வீட்லேர்ந்து வந்திருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். அறைக்குக் கொண்டுபோய் ஆசை ஆசையாகப் பிரித்தால் பஞ்சுக்குச்சி. உனக்கு நிகர் நீதான்.

சொன்னபடியே தேய்த்து அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று தாடையில் குச்சியை உருட்டிக்கொண்டிருந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அங்கே இருந்த காலத்திலும் நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய், முகத்தில் இருக்கிற பருவைத்தான் பார்ப்பாய். "திரும்புங்க, வெளிச்சத்துல பாக்கணும்" என்பாய். நானும் அப்படித்தான் இருந்தேன் என்று வை. நீ புதுப் புடவை கட்டிவந்தால் உன்னைப் பார்க்காமல், இதில் கொஞ்சம் சிவப்புக் கூடிவிட்டது என்பேன். இரண்டு பேரும் வேலையை வீட்டுக்குத் தூக்கிவந்து நடுவில் உட்கார வைத்துவிட்டோம். பிறகு எங்கே பேசுவது?

இங்கே என் வேலை அதேதான். வாடிக்கையாளர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துணி அனுப்புவார். அதே நிறம் வர எந்தச் சாயம் எவ்வளவு என்று நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் என் மேசை. வெளியே தொட்டிகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். ஆட்கள் அதற்குள் நுழையும்போது வேட்டியும் சட்டையும் மட்டும் தெரியும், முகம் தெரியாது. சில சாயங்காலங்களில் நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்தக் கிருமிநாசினிக் களிம்பை நான் ஏன் தூக்கிப் போட்டேன் என்று நீ என்றைக்கும் கேட்டதில்லை, திட்டத்தான் செய்தாய். முதல் வாரமே அது உன் பச்சைத் துண்டைத் தின்றுவிட்டது. பிறகு என் சட்டைக் காலர். நிறத்தை நம்பிப் பிழைக்கிறவன் நிறம் தின்னியை முகத்தில் பூசிக்கொண்டு திரியலாமா?

இன்னொரு செய்தி. மேலாளர் என்னை நிரந்தரமாக்குகிறேன் என்கிறார். ஆலைக்குப் பின்னால் ஒரு வீடும் தருவார்களாம். ஜூன் பத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பிறகு இங்கேதான் என் காலம். நீ உன் ஆய்வுக்கூடத்தை விட்டு வரமாட்டாய், வரச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். ஆகவே இது வெறும் வேலை விஷயம் இல்லை என்பது உனக்கும் தெரியும். என்ன செய்யலாம் என்று எழுது. "உங்க இஷ்டம்" என்று மட்டும் எழுதாதே.

நம் நீலத் தலையணை உறை நன்றாக இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரே தொட்டியில் முக்கி எடுத்த ஜோடியில் ஒன்றை, கிளம்புகிற அன்றைக்கு நான் பெட்டிக்குள் வைத்தபோது, நீ பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாய். நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

சாயக்காரன்

*

மார்ச் 9

அன்புள்ள சாயக்காரருக்கு,

தாமதத்துக்கு நான் காரணம் இல்லை. உங்கள் கிருமிகள்தான் காரணம். அவற்றுக்குக் காற்றுப் பட்டால் ஆகாது. தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, காற்றை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பில் வைத்துக் காத்திருக்க வேண்டும். மற்ற கிருமிகள் ஒரு ராத்திரியில் பெருகிவிடும். இவை நிதானம், உங்களைப் போல. ஜாடிக்குள் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிறிப் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் தூக்கம் சொக்கிக்கொண்டு வரும். ஒரு மதியம் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டேன். ஜாடிக்குள் நம் படுக்கையறை இருந்தது, சின்னதாக. ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்லாத இடத்தில் திரை எப்படி ஆடும் என்று யோசிக்கும்போதே விழித்துவிட்டேன்.

முடிவைச் சொல்கிறேன். கிருமி பரவிய தட்டின்மேல், ஆன்டிபயாடிக்கில் நனைத்த சின்னக் காகித வட்டை வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வளையம் விழும், சில நாட்களில் நிலாவைச் சுற்றித் தெரியுமே, அதுபோல. உங்கள் தட்டில் வளையமே இல்லை. வட்டின் விளிம்புவரை வந்து ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, கொஞ்சமும் கூச்சமில்லாமல். சீனியர் அக்கா பார்த்துவிட்டு "உன் வீட்டுக்காரரு பிடிவாதத்தை அப்படியே வாங்கியிருக்கே" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. பரு வராத, மருந்து பூசாத ஒரு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வேறு ஆள் தேட நேரமில்லாமல் என் கன்னத்தையே துடைத்துக் கொடுத்தேன். நான் என் பிறவியில் அந்தக் களிம்பைத் தொட்டதில்லை. என் தட்டிலும் வளையம் இல்லை.

மரபணுவையும் பார்த்துவிட்டார்கள். ஒரே வம்சம். உங்கள் முகத்தில் இருந்துகொண்டு எதிர்க்கக் கற்றவை, என் முகத்துக்குக் குடிவந்திருக்கின்றன. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படி நடப்பது உண்டுதான். "எத்தனை நாள் ஒரே தலகாணியில படுத்தீங்க?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு, அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நமக்குப் பிள்ளை இல்லையே என்று உங்கள் அக்காவுக்குத்தான் கவலை. வம்சம் என் கன்னத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

கிருமிநாசினி கலந்த நுரை ஒன்றால் கொஞ்ச நாள் கழுவினால் போய்விடும் என்றார் சீனியர் அக்கா. பிறகு பார்க்கலாம் என்றேன். எனக்குப் பரு இல்லை, அதனால் அவசரமும் இல்லை என்று சாக்குச் சொன்னேன். உண்மையான காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் உங்களிடமிருந்து வந்த ஏதோ ஒன்று என்மேல் உயிரோடு இருக்கிறது. அதைத் துடைத்து எறிய எனக்கு மனசு வரவில்லை. கிருமிதான், தெரியும். தெரிந்தும் வரவில்லை.

இனி நல்ல செய்தி. ஆன்டிபயாடிக்கோடு உங்கள் "நிறம் தின்னி"யைக் கொஞ்சமாகச் சேர்த்தோம். அதன் பெயர் பென்சாயில் பெராக்சைடு. அது ஆக்சிஜனைக் கக்கும், காற்று ஆகாத இந்தக் கிருமிகளுக்கு அதுவே எமன். அதற்குப் பழகித் தப்பிக்கவும் அவற்றுக்குத் தெரியவில்லை. எந்த அளவில் தனித்தனியே கொடுத்தபோது இரண்டும் தோற்றனவோ, அதே அளவில் சேர்த்துக் கொடுத்தபோது தட்டு தெளிந்துவிட்டது. அக்கா தட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், வெளியே இருந்த மரம் தெரிந்தது. இதை வைத்து நீயும் நானும் சேர்ந்தால்தான் என்று ஏதாவது எழுதினீர்களோ, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அங்கே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டும் கலந்த களிம்பாகவே கேளுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பூசுங்கள், உடனே கையைக் கழுவுங்கள். தலையணைக்கு வெள்ளை உறை போடுங்கள், வெள்ளைத் துண்டு வாங்குங்கள். வெள்ளையை அது ஒன்றும் செய்யாது.

நிரந்தர வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு வாசலில் நின்று "போகட்டுமா?" என்று கேட்டீர்கள். "போங்க" என்றேன். நீங்களும் போய்விட்டீர்கள். அதிலிருந்து எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள்
கிருமிக்காரி

*

ஏப்ரல் 28

என் அன்புக் கிருமிக்காரிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. கன்னத்து வம்சத்தைப் பற்றி எழுதியிருந்த இடம் மடிப்பில் கிழியப் பார்க்கிறது.

மருத்துவரைப் பார்த்தேன். நீ சொன்ன கலவையையே எழுதினார். முதலில் முகமெல்லாம் உரிந்து, பழைய சுவர் மாதிரி ஆகிவிட்டது. அதற்குத் தனியாக ஒரு ஈரப்பசைக் களிம்பு கொடுத்தார். இப்போது தாடை அடங்கிவிட்டது. முகம் மழித்தால் இரத்தம் வருவதில்லை. எதிர்ப்படுகிறவர்கள் "என்ன சார், ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்கிறார்கள். மறுபடி ஒரு குச்சி தேய்த்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு கூத்து நடந்துவிட்டது. திட்டாமல் படி.

முதலில் நீ சொன்னபடி சாயங்காலம்தான் பூசினேன். வெள்ளை உறையும் வாங்கினேன். அதில் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்த மாதிரி இருந்தது. சரி, ஒருநாள்தானே என்று நீல உறையை மாட்டிப் படுத்தேன். கனவில் நான் ஆலையில் நடந்துபோகிறேன். கொடிகளில் ஈரத்துணி வரிசையாகத் தொங்குகிறது, எல்லாம் நம் நீலம். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகிறேன், அடுத்த துணிக்குப் பின்னால் நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. விலக்கினால் இன்னொரு துணி. அப்படியே விடிந்துவிட்டது. எழுந்து பார்த்தால் உறையில் கன்னம் அளவுக்கு ஒரு இடம் வெளுத்துக் கிடக்கிறது, மழை இல்லாத நாளின் மேகம் மாதிரி.

மனசு கேட்கவில்லை. ஜோடியில் ஒன்று கெட்டுப்போகிறதே என்று, அடுத்த நாளிலிருந்து களிம்பைக் காலையில் பூச ஆரம்பித்தேன். பூசிக்கொண்டு ஆலைக்குப் போவேன். அங்கே யோசனையில் இருக்கும்போது தாடையைத் தடவுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். தடவிய விரலோடு மாதிரித் துணியைப் பிடித்திருக்கிறேன். அது ஒரு அடர்ந்த கத்தரிப்பூ நிறம். விரல் பட்ட இடம் நாளாக ஆக வெளிறிக்கொண்டே வந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராக அந்த இடத்தையே பிடித்து, அதையே பார்த்து, அதற்கே சாயக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு தொட்டித் துணி முழுக்க, வாடின பூ நிறத்தில் வந்து நின்றது. ஊரில் எல்லாரும் நிறத்தைத் தவறவிடுவார்கள். நான் என் முகத்துக் களிம்பு வெளுத்துவிட்ட நிறத்துக்குச் சரியாகச் சாயம் போட்டவன்.

துணியைக் கறுப்பில் முக்கித் தப்பித்தோம். மேலாளர் ரொம்பக் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு கூப்பிட்டு உட்கார வைத்தார். "நிரந்தரம் ஆகப்போற ஆளு நீங்க. பழைய களிம்புக்கே மாறிடுங்க, அது துணிய ஒண்ணும் பண்ணலையே. பருவோட இருந்தா என்ன குறைஞ்சிடும்? ஒண்ணு இந்த நாற்காலி, இல்ல அந்தக் களிம்பு" என்றார். ஜூன் பத்துக்குள் சொல்ல வேண்டும்.

சாதாரண கேள்விதான். ஆனால் களிம்பை நிறுத்துகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது நீ சொன்னது. நீ எனக்குச் சொல்லி நான் கேட்டது ரொம்ப நாளைக்குப் பிறகு இது ஒன்றுதான். நீ இன்னும் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

உன்
சாயக்காரன்

*

மே 19

என் அன்புள்ள சாயக்காரருக்கு,

திட்டாமல்தான் படித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரிப்புத் தண்ணீரிலிருந்து மற்றதாக எப்போது மாறியது என்று தெரியவில்லை. ஒரு தலையணை உறையைக் காப்பாற்றுவதற்காக ஆலைத் துணியை வெளுக்க வைத்த ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

முதலில் வேலைப் பேச்சு. பழைய களிம்புக்கு மட்டும் திரும்பிவிடாதீர்கள். தனியாகப் பூசினால், மிச்சம் ஒளிந்திருக்கிற நாலு கிருமிகளும் மறுபடி ஊரைப் பிடித்துக்கொள்ளும். மேலாளரிடம் சொல்லுங்கள், சாயங்காலம் பூசி, கையைக் கழுவி, காலையில் முகத்தையும் கழுவிவிட்டுப் போனால் துணிக்கு ஒன்றும் ஆகாது. நாற்காலி வேண்டுமென்றால் களிம்போடும் அதில் உட்காரலாம். இதை நான் மறைத்தால், உங்களை இங்கே வரவழைக்கச் சூழ்ச்சி செய்தவளாகிவிடுவேன். அதனால் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது குச்சியின் முடிவு வந்துவிட்டது. உங்கள் தட்டில் முளைத்தவையே கொஞ்சம், வட்டைச் சுற்றியும் வளையம் விழுந்திருக்கிறது, பெரிதாக, வட்டமாக. எதிர்க்கிற கூட்டத்தைக் காணவில்லை. சீனியர் அக்கா என் முதுகில் தட்டினார். மேசையைச் சுற்றி எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். இனி அந்த வம்சம் மிச்சம் இருப்பது என் முகத்தில்தான்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கட்டிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்கால வெளிச்சம் சுவரில் ஏறி, மேலே போய், மறைந்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. உங்கள் ஞாபகம் என்று நான் வைத்துக் காத்துக்கொண்டிருப்பது, நீங்கள் திரும்பி வந்து பக்கத்தில் தலை வைத்தால் உங்களுக்கே மறுபடி ஒட்டிக்கொள்ளும். இத்தனை நாள் உங்களை வைத்திருக்கிறேன் என்று நினைத்து, உங்களுக்கு ஆகாததை வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கொடுத்த நுரையை எடுத்துக் கழுவினேன். எரிந்தது. அழுகையும் வந்தது, எரிச்சலால் என்று சொல்லிக்கொண்டேன். தினமும் கழுவுகிறேன். என் நீல உறையிலும் மேகம் விழுந்துவிட்டது. வெள்ளை உறை போடச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்தவள் நான், எனக்கும் அதில் தூக்கம் வரவில்லை. உங்களைத் துடைக்கவில்லை. உங்களுக்கு இடம் துடைத்து வைத்திருக்கிறேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் இதோ. "உங்க இஷ்டம்" இல்லை. என் இஷ்டத்தைச் சொல்கிறேன். அடுத்த பதினெட்டு எழுத்தை நடுவில் அடித்துத் திருத்தாமல் எழுத முயற்சி செய்து, மூன்று தாள் வீணாகிவிட்டது. வாருங்கள். வீட்டுக்கு வந்துவிடுங்கள். வந்தால் நான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன், பருவை இல்லை.

உங்கள், உங்களுடைய
கிருமிக்காரி

*

ஜூன் 8

என் கண்ணே,

மேலாளரிடம் நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். கையைக் கழுவுவது, சாயங்காலம் பூசுவது எல்லாம். தலையை ஆட்டி, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, களிம்பையும் வச்சுக்குங்க" என்று பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. "நாற்காலிதான் வேணாம் சார்" என்றேன். "அப்போ இவ்ளோ நேரம் எதுக்குய்யா களிம்பப் பத்திப் பேசினே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாரிடமாவது உன்னைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் போலிருந்தது, அதனால் பேசினேன்.

அங்கே பழைய ஆலையில் கேட்டுப் பார்த்தேன். முன்பு பார்த்த வேலைக்குக் கீழே ஒரு வேலை இருக்கிறதாம். நிறம் எங்கே பார்த்தாலும் நிறம்தான். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "நல்லது" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிட்டாள், என் அக்கா ஒரே வார்த்தையோடு போனை வைத்து நான் பார்த்ததில்லை.

இதோடு என் உறையைத் துவைத்து அனுப்பியிருக்கிறேன். வெளுத்த இடத்தைப் பழைய நீலத்துக்குக் கொண்டுவர மூன்று தடவை சாயம் கலந்து பார்த்தேன். கலந்தது சரியாகத்தான் வந்தது, முக்கத்தான் மனசு வரவில்லை. உன்னுடையதை எடுத்து இதன் பக்கத்தில் விரி. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு கட்டாதே, காலையில் ஜன்னலோரமாக வைத்துப் பார். நீலமும் நீலமும், மேகமும் மேகமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்.

பார்த்துவிட்டுப் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் இந்த முகவரியில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

சாயக்காரன்